சுவரில் எழுதிய தேதி

டெங்குக் கொசு பார்க்க வந்த பெண் இன்று எங்கள் வாசல் சுவரில் சாக்பீஸால் தேதி போட்டுவிட்டுப் போனாள். பெயின்ட் கெட்டுப்போச்சு என்று துடைக்க வந்த மருமகளை நான் விடவில்லை.

நெய்வேலியில் சுரங்கம் வெட்ட வந்த கான்ட்ராக்ட் ஆட்களின் குடிசைகளும் அவற்றில் ஒன்றாக எங்கள் குடிசையும் இருந்த இடம் இப்போது வெறும் சுரங்கப் பள்ளம். என் சின்ன வயதில் அங்கே தேங்கிய தண்ணீரும், அந்தி நேரத்துக் கொசு இரைச்சலும், உடம்பைத் தூக்கிப்போடும் குளிர்காய்ச்சலும்தான் எங்கள் மழைக்காலம். மலேரியாக்காரர்கள் பம்போடு வந்து கம்பெனி குவார்ட்டர்ஸ் வீடுகளுக்கு மருந்தடித்து, வீட்டு நம்பருக்குக் கீழே தேதி எழுதிவிட்டு, எங்களைத் தாண்டிப் போய்விடுவார்கள்.

ஒருநாள் காய்ச்சலில் கிடந்த தங்கையைத் தோளில் போட்டுக்கொண்டு அம்மா வழியை மறித்தாள்.

"நம்பர் இல்லாத வூட்டுக்கு அடிச்சா நோட்டுல என்னான்னு எழுதறதும்மா?" என்றார் பம்புக்காரர்.

அம்மா அடுப்புக்கரியை எடுத்து, அவளுக்கு எழுதத் தெரிந்த ஒரே எண்ணை, அப்பாவின் வேலை டோக்கனில் இருந்த 47ஐ, மண்சுவரில் கோணலாக எழுதினாள். "இந்தா நம்பரு. அடி."

அடித்தார்கள். மறுமுறை வந்தபோது எல்லாக் குடிசையிலும் டோக்கன் நம்பர் இருந்தது, வரிசையே இல்லாமல். தேதிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்தன.

சுரங்கம் எங்கள் பக்கம் வந்தபோது, இங்கே வீடு இருந்ததாக எந்த ரெக்கார்டிலும் இல்லை, மாற்று இடம் கிடையாது என்றார் ஓர் அதிகாரி. அம்மா அவரைக் கையோடு சுவரடிக்கு அழைத்துப்போய், அந்தத் தேதிகளைக் காட்டினாள்.

"வூடே இல்லன்னா, இத்தினி வருசமா உங்க ஆளுங்க எங்கய்யா மருந்து அடிச்சிகினு இருந்தாங்க?"