அந்த மீன் பிழைத்திருக்கக் கூடாதாம்

தொண்ணூறுகளின் நடுவில், கோவை துடியலூரில் மாமனார் வீட்டில் நாங்கள் எல்லோரும் ஒன்றாக இருந்தபோது நடந்தது இது. எங்கள் பக்கம் அப்போது வாஸ்து ஒரு காய்ச்சல் மாதிரி பரவியிருந்தது. நன்றாக இருந்த சமையலறையை இடித்து மூலை மாற்றியவர்கள் எல்லாம் உண்டு. எங்கள் வீட்டுக்கு வந்த வாஸ்துக்காரர் கொஞ்சம் இரக்கப்பட்டு, வீட்டுக்குப் பின்னால் வடகிழக்கு மூலையில் ஒரு குளம் கட்டி மீன் விட்டால் போதும் என்று சொல்லிவிட்டுப் போனார்.

மெட்ராஸிலிருந்து ஆக்ஸிஜன் அடைத்த பாலிதீன் பைகளில் கோய் மீன்கள் ரயிலேறி வந்தன. ஜப்பான் கெண்டை. அதில் வெள்ளை உடம்பும் தலையில் மட்டும் குங்குமம் வைத்தது போல் சிவப்பும் உள்ள ஒன்று மாமனாரின் செல்லம். காலையில் பட்டறைக்குப் போகும் முன் அவர் பொரியை நீட்டினால் கையிலிருந்தே வாங்கித் தின்னும். வாஸ்துவை அவர் மறந்தே போனார். மீனை மறக்கவில்லை.

பிறகு அவருக்கு நெஞ்சுவலி வந்தது. இதய ஆபரேஷனுக்கு நாள் குறித்துவிட்டு வீட்டில் ஓய்வில் இருந்தார். அந்தச் சமயம் பார்த்து அந்த மீனும் படுத்துவிட்டது. செதில் உதிர்ந்து விலாவில் சிவப்பாகப் புண், அதைச் சுற்றிப் பஞ்சு போல் பூஞ்சை. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியிலேயே கிடந்தது.

நான் விலங்கியல் பட்டம் படித்தவள். அந்தப் படிப்புக்கு வீட்டில் அதுவரை ஒரு வேலையும் இருந்ததில்லை. மீனைத் தனியாக எடுத்து வைத்தியம் பார்க்கலாம் என்று மாமியாரிடம் சொன்னேன். அவர் பதறிப்போனார்.

“உட்டுப்போடு அம்மணி. உம்பட மாமனுக்கு வந்ததை அது வாங்கிக்கிட்டுப் போகுது. நடுவுல பூந்து தடுக்காதே.”

வளர்க்கிற மீன் செத்தால் வீட்டுக்கு வர இருந்த கண்டம் அதோடு போய்விடும் என்பது அவருடைய நம்பிக்கை. சாத்துக்குடியோடு மாமனாரைப் பார்க்க வந்த உறவுக்காரர்களும் குளத்தை எட்டிப் பார்த்துவிட்டு, இனிப் பயமில்லை என்று தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள்.

அன்று சாயங்காலம் மாமனார் குளத்தோரம் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் என் கணவர். மாமனார் என்னைக் கூப்பிட்டார்.

“நீ படிச்ச புள்ளதானே கண்ணு. எப்படியாச்சும் அதைப் பொழைக்க வெச்சுரு. என்ற உசுருக்கு அது எதுக்குச் சாகோணும்?”

கணவர்தான் கல்லுப்பு வாங்கி வந்தார். பெரிய பிளாஸ்டிக் தொட்டியில் குளோரின் போவதற்காக ஒரு நாள் பிடித்து வைத்திருந்த குழாய்த் தண்ணீரை ஊற்றி, உப்பைக் கரைத்து, மீனைப் பிடித்து விட்டோம். அவர் ஈரத்துணியில் பிடித்துக்கொள்ள, நான் புண்ணைத் துடைத்து மருந்து வைப்பேன். கரண்ட் போய், தொட்டிக்குக் காற்று விடும் மோட்டார் நின்றால் தண்ணீரைச் சொம்பில் மொண்டு உயரத்திலிருந்து ஊற்றிக்கொண்டே இருப்பேன். அபிஷேகம் ஜோராக நடக்குதாக்கும் என்று மாமியார் முகத்தைத் திருப்பிக்கொண்டு போவார். நல்ல தண்ணீர் வீணாவதாக ஒரு பாட்டு வேறு கேட்கும்.

புண் ஆறியது. மாமனார் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று காலை, அவர் நீட்டிய பொரியை மீன் வந்து வாங்கியது. குழந்தை மாதிரிச் சிரித்தார். ஆபரேஷன் முடிந்த மறுநாள் அவர் இறந்துபோனார்.

துக்கத்துக்கு வந்த பெண்களுக்கு நடுவில் உட்கார்ந்து மாமியார் சொன்னார்.

“அந்த மீன் போயிருந்தா இவர் இருந்திருப்பாருங்க. இவதான் அதைப் புடிச்சு நிறுத்திப்போட்டா.”

அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் கணவரைப் பார்த்தேன். வாசற்படியில்தான் நின்றிருந்தார். அப்பாதான் காப்பாற்றச் சொன்னார் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். தலையைக் குனிந்துகொண்டு, வெளியே பந்தல்காரரிடம் ஏதோ கேட்பதற்காகப் போய்விட்டார். என் வாயிலிருந்து வந்தால் அதை யார் நம்புவார்கள்?

காரியமெல்லாம் முடிந்த பிறகு, ஏனுங்க, ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். துக்க வீட்டில் எதற்குப் பேச்சை வளர்க்க வேண்டும் என்றார். அப்புறம் மெதுவாக, “அம்மாவுக்கு ஏதாச்சும் ஒரு ஆறுதல் வேணுமில்ல” என்றார். என் மேல் விழுந்த பழிக்கு அவர் வைத்த பெயர் ஆறுதல்.

ஒரு வாரம் நான் அம்மா வீட்டுக்குப் போய்த் திரும்பியபோது குளத்தில் மண் கொட்டியிருந்தது. மீன்களைக் காங்கேயத்தில் ஒரு உறவினர் தோட்டத்துக் கிணற்றில் விட்டுவிட்டார்களாம். அந்தச் சிவப்புத் தலை மீன் அங்கே பல வருஷம் இருந்தது. கல்யாணம், காதுகுத்து எங்கே போனாலும் யாராவது ஒருவர், அந்த மீன் இன்னும் நல்லா இருக்குதுங்க என்று என்னிடம் சொல்லாமல் விட்டதில்லை.

மாமியார் கடைசி வரை என்னைப் பழித்துக்கொண்டுதான் போனார். அவரை எப்போதோ மன்னித்துவிட்டேன்; அவர் நம்பியதைச் சொன்னார். போன மாதம் கணவர், வீட்டில் சின்னதாக ஒரு மீன்தொட்டி வைக்கலாமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன். ஏன் என்று அவர் கேட்கவில்லை. உண்மை தெரிந்தும் வாயைத் திறக்காத மனிதரோடு ஒரு ஆயுள் முழுவதும் குடித்தனம் நடத்திவிடலாம், ஆனால் ஆபத்தில் அவர் முகத்தைத் திரும்பிப் பார்க்கும் பழக்கம் எனக்கு அன்றோடு போய்விட்டது.