டல்லாஸ்காரனின் இடது கை

நாங்கள் திரைக்குப் பின்னால் உட்கார்ந்து படம் பார்த்தவர்கள். பஹ்ரைனில் அப்பா ஸ்டோர்கீப்பராக இருந்த அமெரிக்கக் கம்பெனியின் கிளப்பில் வியாழக்கிழமை மாலையானால் படம் போடுவார்கள். இரண்டு இரும்புத் தூண்களுக்கு நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டியிருக்கும். முன்பக்கம் புல்தரை, நாற்காலிகள், ஐஸ் பெட்டி, அமெரிக்கர்கள். பின்பக்கம் மணல், பாய், நாங்கள். எங்களை யாரும் அழைத்ததில்லை, விரட்டியதும் இல்லை. துணி மெல்லியது, அதனால் படம் எங்கள் பக்கமும் தெரியும். பெயர் போடும்போது எழுத்துகள் திரும்பி இருக்கும், அவ்வளவுதான். எழுத்து தட்டையானது, பின்னாலிருந்து பார்த்தால் திரும்பிக்கொள்ளும். மனிதர்கள் எப்படித் திரும்புவார்கள்? எட்டு வயதில் என் கணக்கு இப்படித்தான் இருந்தது.

படம் ஓட்டியது மாமா. அம்மாவின் தம்பி. பகலில் அதே கம்பெனியில் எலக்ட்ரீஷியன், வியாழக்கிழமை மாலையில் புரொஜக்டர். குதைபியாவில் எங்கள் வீட்டு முன்னறையில் படுத்துக்கொள்வார்.

அந்த நாட்களில் என் பெரிய பிரச்சினை என் இடது கை. எதை எடுத்தாலும் அதுதான் முதலில் நீளும். எழுத உட்கார்ந்தால் டீச்சர் ஸ்கேலால் தட்டுவார். சாப்பிட உட்கார்ந்தால் அம்மா பழைய சேலைக் கிழிசலால் அந்தக் கையை இடுப்போடு சேர்த்துக் கட்டிவிடுவாள். வலது கையால் சோற்றைப் பிசைந்து வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழும். அழுதால் கட்டு இன்னும் இறுகும் என்று தெரிந்திருந்ததால் அழுவதில்லை.

"ஏட்டி, பொம்பளப் பிள்ள. நாளைக்கு ஒரு வீட்டுக்குப் போயி இந்தக் கையாலயா சோறு வைப்ப? அப்படியே திருப்பி அனுப்பிருவாக" என்பாள் அம்மா.

அப்பா அதிகம் பேசமாட்டார். கட்டு அவிழ்ந்திருந்தால் கட்டச் சொல்லிக் கண்ணால் காட்டுவார்.

இப்படி இருக்கும்போது ஒரு வியாழக்கிழமை சினிமாவுக்குப் பதிலாகப் பந்தாட்டம் போட்டார்கள். நமக்குத் தெரிந்த கால்பந்து இல்லை. இரண்டு முனையும் கூம்பிய, பெரிய பேரீச்சங்கொட்டை மாதிரி ஒரு பந்து. தலையில் இரும்புச்சட்டி போன்ற தொப்பியும் தோளில் தலையணையும் வைத்த ஆட்கள் அதற்காக ஒருவர்மேல் ஒருவர் விழுந்தார்கள். சண்டை என்றே முதலில் நினைத்தேன். அப்புறம் தொப்பியில் நீல நட்சத்திரம் போட்ட ஒருவன் கும்பலிலிருந்து நழுவிப் பின்னால் வந்தான். நிதானமாக நிமிர்ந்தான். கையை ஓங்கினான். பந்து சுழன்றுகொண்டே பாதி மைதானத்தைத் தாண்டிப் போய் ஓடிக்கொண்டிருந்த ஒருவனின் மார்பில் உட்கார்ந்தது. முன்பக்கத்தில் பாதிப் பேர் எழுந்து கத்தினார்கள்.

நானும் எழுந்துவிட்டேன். அவன் இடது கையால் எறிந்திருந்தான்.

அவ்வளவு பேருக்கு முன்னால் ஒரு பெரிய மனிதன் இடது கையை ஓங்குகிறான். யாரும் அதைக் கட்டவில்லை, ஸ்கேலால் தட்டவில்லை, கைதட்டுகிறார்கள். வீட்டுக்கு வரும்வரை எனக்குக் கால் தரையில் பாவவில்லை. எதிரணிக்காரனும் இடக்கையால்தான் எறிந்திருப்பான். நான் பார்க்கவில்லை. ஒருவனைப் பிடித்துப் போன பிறகு எதிராளியின் கையை யார் கவனிக்கிறார்கள்?

அவன் டல்லாஸ் அணி என்று மாமா சொன்னார். டல்லாஸுக்கு ஜென்மப் பகை வாஷிங்டன் என்றும் சொன்னார். கம்பெனியிலும் அந்தப் பகை இருந்தது. அப்பாவின் மேனேஜர் வாஷிங்டன்காரர். ஒர்க் ஷாப்பைப் பார்த்துக்கொண்டவர் டல்லாஸ்காரர், வெயிலிலும் பூட்ஸைக் கழற்றாதவர். இரண்டு அணிக்கும் ஆட்டம் என்றால் அந்த இருவரும் அந்த வாரம் ஒரே மேஜையில் சாப்பிடமாட்டார்கள். அமெரிக்காவில் ஆட்டம் முடிந்து பல நாள் கழித்துத்தான் படச்சுருள் விமானத்தில் வரும். அதுவரை யாரும் யாரிடமும் முடிவைச் சொல்லக் கூடாது என்பது அவர்களுக்குள் சட்டம். வானொலியை அணைத்துவிடுவார்கள், ஊரிலிருந்து வரும் பத்திரிகையைப் பிரிக்கமாட்டார்கள்.

வாஷிங்டன் தொப்பியில் இறகு செருகிய ஒரு தலை வரைந்திருக்கும். அது ஓர் இந்தியனின் தலை, ஆகவே ஸ்டோர்ஸில் இருக்கும் இந்தியர்கள் எல்லோரும் வாஷிங்டன் கட்சி என்று மேனேஜர் அறிவித்துவிட்டார். அந்த இந்தியன் வேறு, அமெரிக்காவின் பழங்குடி என்று அப்பாவுக்குத் தெரியும். சம்பளச் சீட்டில் கையெழுத்துப் போடுகிறவர் சொன்னால் எந்த இந்தியனாக இருந்தால் என்ன? நாங்கள் குடும்பத்தோடு வாஷிங்டன் ஆனோம். நான் மட்டும் டல்லாஸ்.

மாமா எந்தக் கட்சி என்று சொல்லமாட்டார். ஆனால் அந்தப் பகையின் கதையெல்லாம் அவரிடம்தான் இருந்தது. புரொஜக்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்து அமெரிக்கர்கள் வம்பளப்பதைக் கேட்டுக்கொண்டு வந்து எங்களுக்குப் பரிமாறுவார்.

"டல்லாஸ்காரன் புதுசா டீம் ஆரம்பிக்கணும்னு போனானாம். வாஷிங்டன் முதலாளி விடமாட்டேன்னுட்டான். இவன் என்ன செஞ்சாம் தெரியுமா? வாஷிங்டன்காரன் மைதானத்துல ஒரு பாட்டுப் பாடுவாம்லா, அந்தப் பாட்டையே விலைக்கு வாங்கிட்டான். எனக்கு டீமைக் குடு, ஒனக்குப் பாட்டைத் தாரேன்னு நின்னான். குடுத்துத்தான ஆவணும்?"

"பாட்டை எப்படி மாமா வாங்க முடியும்?"

"துட்டு இருந்தா அமெரிக்காவுல காத்தையே வாங்கலாம் மருமவளே. இன்னொன்னு கேளு. வாஷிங்டன் மைதானத்துக்கு டல்லாஸ்காரங்க கோழிய கூடை கூடையா ஒளிச்சுக் கொண்டு போயிருக்கானுவ. ஆட்டத்துக்கு நடுவுல தொறந்துவிடணும்னு திட்டம். முந்தியே தீனியத் தூவி வச்சிருக்கான், பாத்துக்கோ."

"விட்டாங்களா?"

"கடைசி நேரத்துல புடிச்சிட்டாங்க. அடுத்த வருசம் மறுபடியும் கோழியோட வந்துட்டான்."

எனக்கு டல்லாஸை இன்னும் பிடித்துப் போயிற்று.

குளிர் தொடங்கியிருந்தபோது இரண்டு அணிகளும் மோதிய ஆட்டத்தின் சுருள் வந்து இறங்கியது. அன்று ராத்திரி சாப்பாட்டில் அம்மா கிழிசலை எடுத்தபோது நான் கையைப் பின்னால் வைத்துக்கொண்டு அப்பாவிடம் நேராகவே சொன்னேன். டல்லாஸ்காரன் இடக்கையால்தான் எறிகிறான், அவனை யாரும் கட்டிப்போடவில்லை.

அம்மா கையை ஓங்கிவிட்டாள். அப்பா சிரித்த மாதிரி இருந்தது.

"அவன் தோத்துப் போவான். இடக்கையால எறிஞ்சா அப்படித்தான்."

"தோக்கமாட்டான்."

மாமா தட்டிலிருந்து தலையை நிமிர்த்தினார். "அத்தான், பிள்ள கூடப் பந்தயம் கட்டுங்களேன்."

"என்ன மாப்ள பந்தயம்?"

"அவ ஆளு ஜெயிச்சா அவ கைய யாரும் தொடப்பிடாது. தோத்தா அவளே வலது கைக்கு மாறிரணும், முணுமுணுக்கப்பிடாது."

அப்பா என்னைப் பார்த்தார். "சரி. ஒரு இடக்கைக்காரன் எங்க ஆளுங்கள ஜெயிச்சுக் காட்டட்டும். அப்புறம் ஒன் கை ஒன் இஷ்டம்."

"இது நல்ல கூத்து" என்றாள் அம்மா. ஆனால் கிழிசலைக் கீழே வைத்துவிட்டாள்.

வியாழக்கிழமை வந்தது. நாங்கள் பாயை விரித்தோம். அம்மா கைக்குழந்தையான என் தம்பியை மடியில் போட்டுக்கொண்டாள். அப்போது மேனேஜர் ஆள் அனுப்பினார். ஸ்டோர்ஸ் ஆட்கள் எல்லோரும் முன்பக்கம் வந்து வாஷிங்டனுக்காகக் கத்த வேண்டும், குடும்பங்களும் வரலாம், நாற்காலி போட்டிருக்கிறது.

முன்பக்கம். நாற்காலி. ஐஸ் பெட்டியில் கையை விட்டுப் பெப்சி எடுக்கலாம். நான் செருப்பைப் போட்டுவிட்டேன். மாமா எங்கிருந்தோ ஓடி வந்தார்.

"மருமவளே, நீ எங்க போற?"

"முன்னாடி."

"கிறுக்கா ஒனக்கு? இவ்வளவு நாளும் இங்கருந்துதான பாத்த? இங்கருந்து பாத்துத்தான டல்லாஸ் ஜெயிச்சான்? இன்னைக்குப் பாத்து எடத்த மாத்தினா ராசி போயிரும். அப்புறம் கைய கட்டிக்கிட்டு என்னைக் குத்தம் சொல்லாத."

செருப்பைக் கழற்றினேன். அப்பா மட்டும் சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு முன்பக்கம் போனார். அந்த நாற்காலிகளில் ஒன்றில் அவர் உட்கார்ந்ததை அதற்கு முன்பும் பின்பும் நான் பார்த்ததில்லை.

ஆட்டம் தொடங்கியதிலிருந்தே டல்லாஸ் பின்தங்கியது. ஒவ்வொரு தடவையும் துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஸ்டோர்ஸ் ஆட்கள் கத்துவது கேட்கும். அதில் அப்பாவின் குரலும் இருந்தது. பிறகுதான் அது நடந்தது. நட்சத்திரத் தொப்பிக்காரன் அடிபட்டு விழுந்தான். எழுந்தான், ஆனால் எங்கே நிற்கிறோம் என்றே தெரியாதவன் மாதிரி நின்றான். அவனைக் கைத்தாங்கலாக வெளியே கொண்டுபோனார்கள். என் ஆள் போய்விட்டான். சுருள் மாற்ற விளக்கைப் போட்டார்கள். நான் இடது கையை மடக்கிப் பாவாடைக்குள் வைத்துக்கொண்டேன்.

"மருமவளே" என்று துணிக்கு அந்தப் பக்கத்திலிருந்து மாமாவின் குரல் வந்தது. "எந்திரிக்காத. அசையாம இரு."

விளக்கு அணைந்தது. அவன் இடத்துக்கு ஒரு பையன் வந்து நின்றான். மீசைகூடச் சரியாக இல்லை. அவன் யார் என்று அமெரிக்கர்களே ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்களாம். பையன் பந்தை வாங்கினான், பின்னால் நகர்ந்தான், கையை ஓங்கினான்.

இடது கை.

"அம்மா, இவனும்" என்று கத்தினேன். தம்பி விழித்து அழுதான். பையன் எறிந்தான், எறிந்துகொண்டே இருந்தான். டல்லாஸ் முன்னால் வந்தது. வாஷிங்டன் மறுபடி தாண்டியது. நேரம் முடியப் போகிறது என்று துணியின் அந்தப் பக்கத்தில் எண்ண ஆரம்பித்துவிட்டார்கள். பையன் கடைசியாக ஒரு தடவை பின்னால் வந்து, யாரோ மேலே பாய்வதற்குள், உயரமாக விட்டெறிந்தான். பந்து இறங்குவதற்கு ஒரு யுகம் ஆயிற்று. எல்லைக்குப் பக்கத்தில் ஓடிக்கொண்டிருந்தவன் திரும்பிக்கூடப் பார்க்காமல் அதை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டான். டல்லாஸ் ஒரே ஒரு புள்ளியில் ஜெயித்தது.

நான் மணலில் உருண்டேன். டல்லாஸ்காரர் பூட்ஸோடு நாற்காலிமேல் ஏறி நின்றதாக மாமா சொன்னார்.

அந்த ஆட்டத்தை நான் இன்னொரு தடவையும் பார்த்தேன். அது வெகுகாலத்துக்குப் பிறகு. அப்பாவின் வேலை போனபோது என் படிப்பும் ஏழாவதோடு நின்றது. ஊருக்குப் போய் வளர்ந்த பிறகு அங்கே இருக்கப் பிடிக்காமல் மறுபடி வளைகுடாவுக்கு வந்து மஸ்கட், தோஹா, ரியாத் என்று வீட்டுக்கு வீடு சமைத்துக்கொண்டிருந்தேன். அபுதாபியில் ஒரு வீட்டு முதலாளி பழைய ஆட்டங்களைக் கேசட்டில் வைத்திருந்தார். தட்டு எடுக்கப் போனவள் அந்தப் பையனை அடையாளம் கண்டு அப்படியே நின்றுவிட்டேன். பையன் பின்னால் நகர்ந்தான், கையை ஓங்கினான். வலது கை. கேசட்டில் கோளாறு என்றுதான் முதலில் நினைத்தேன். பிறகு அவன் சட்டையில் இருந்த எண்ணைப் பார்த்தேன். அது நேராக இருந்தது, மணலிலிருந்து பார்த்தபோது போலத் திரும்பி இல்லை.

அங்கேயே சிரித்துவிட்டேன். ராசி போய்விடும் என்று மாமா என்னை எதற்காக மணலில் உட்கார வைத்தார் என்பது தெரிந்துவிட்டது. வந்த சுருளை அன்றே ஓட்டிப் பார்த்துச் சரி செய்வதும் அவர் வேலைதான். யார் ஜெயிப்பார் என்று தெரியாமலா பந்தயம் கட்டச் சொல்லியிருப்பார்? மாமாவை நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தவளுக்குக் கொஞ்சம் தாமதமாகத்தான் அப்பாவின் ஞாபகம் வந்தது.

அன்று ஆட்டம் முடிந்ததும் அப்பா துணியைச் சுற்றிக்கொண்டு எங்கள் பக்கம் வந்தார். கத்தியதில் தொண்டை கட்டியிருந்தது. கையில் ஒரு பெப்சி பாட்டில். அம்மா பாயைச் சுருட்டிக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, இங்கருந்து பாத்தா எழுத்தெல்லாம் திரும்பித்தான தெரியுது? அப்போ அவன் கையும்..."

மாமா சுருள் டப்பாவை வைத்துக்கொண்டு தூணருகே நின்றார். டப்பா மூடியை இறுக்குவதுபோல் குனிந்துகொண்டார். எனக்கும் முதன்முதலாகப் பயம் வந்தது.

அப்பா என்னைப் பார்த்தார். பிறகு அம்மாவிடம் சொன்னார், "நான் முன்னாலருந்துல்லா பாத்தேன். இடக்கைதான்."

பாட்டிலை என்னிடம் நீட்டினார். கட்டுக்குப் பயந்த பழக்கத்தில் வலது கையை நீட்டினேன். அவர் கொடுக்காமல் நின்றார். கையை மாற்றினேன், கொடுத்தார்.

வீடு வரைக்கும் நான் அதே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டு வந்தேன். முன்னால் உட்கார்ந்து பார்த்தவரே சொல்லிவிட்டார், அப்புறம் என்ன? பெப்சி சில்லென்று இருந்தது. அப்பா ஏன் ஒரு வாய்கூடக் குடிக்கவில்லை, ஏன் வழியெல்லாம் மாமாவைப் பார்த்துப் பார்த்துச் சிரித்தார் என்று நான் கேட்கவே இல்லை. தோற்றவர்கள் அப்படித்தான் சிரிப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.