அப்பா ஓட்டாத கார்

எங்கள் கம்ப்யூட்டரின் காற்றாடி சுழலத் தொடங்கியதும், மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து வரும் காற்றிலுள்ள அழுகிய முட்டை வாசனை கொஞ்சம் சூடாகி, பெட்டியின் பின்பக்கம் வழியாக மறுபடி அறைக்குள் வந்து சேரும். திரையில் படிந்த கரித்தூளை அம்மா பழைய பனியன் துணியால் துடைத்து முடிப்பதற்குள், உள்ளே போவது யார் என்று கேட்கும் நீலத்திரை வந்துவிடும். அதில் ஒன்றன் கீழ் ஒன்றாக இரண்டு சதுரங்கள். மேல் சதுரத்தில் டை கட்டிய ஒரு மனிதரின் முகம், பக்கத்தில் இனிஷியலோடு அவருடைய பெயர். கீழ்ச் சதுரத்தில் ஒரு கார் படம், பக்கத்தில் ஆங்கிலப் பெரிய எழுத்துகளில் "டிரைவர்". அந்த டிரைவர் என் அப்பா. அவர் வாழ்நாளில் கார் ஓட்டியதே இல்லை.

திருவொற்றியூரில் ஹவுசிங் போர்டு குடியிருப்பின் இரண்டாம் மாடியில், ஓர் அறையும் ஓர் அடுப்படியுமாக எங்கள் வீடு. நாங்கள் "நைனா" என்று கூப்பிட்ட அப்பா, ஒரு கன்டெய்னர் யார்டில் சரக்குத் தூக்கும் ஃபோர்க்லிஃப்ட் வண்டி ஓட்டினார். யார்டு ஆபீஸுக்குப் புதுக் கம்ப்யூட்டர்கள் வந்தபோது, மேனேஜர் சார் தம் மேஜையிலிருந்த பழையதை, "பசங்க படிக்கட்டும், எடுத்துட்டுப் போப்பா" என்று கொடுத்துவிட்டார். கொடுக்கும் முன் எங்களுக்கென ஓர் அக்கவுண்டை உருவாக்கி, அதற்கு "டிரைவர்" என்று பெயரிட்டு, பொருத்தமாக இருக்கட்டுமென்று கார் படத்தையும் வைத்து, தம்முடைய அக்கவுண்டைக் கடவுச்சொல்லோடு அப்படியே விட்டுவிட்டார். நல்ல மனிதர்தான். அந்த வயதில் எனக்கு அவர்மேல் இருந்த எரிச்சலுக்கு அதுவும் ஒரு காரணம்.

எங்கள் அக்கவுண்டில் செய்ய முடியாதவற்றை ஏழாம் வகுப்புக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வரிசையாக எழுதி வைத்திருந்தேன்: விளையாட்டு ஏற்ற முடியாது, பிரிண்டர் சேர்க்க முடியாது, கடிகாரத்தைத் திருத்த முடியாது, "டிரைவர்" என்ற பெயரை மாற்ற முடியாது. எதைத் தொட்டாலும் நிர்வாகியைக் கேள் என்று ஒரு சின்னப் பெட்டி குதிக்கும், நிர்வாகியோ டை கட்டிக்கொண்டு மேல் சதுரத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். அம்மா புடவை மாற்றும்போதெல்லாம், "அந்த ஆளு பாத்துகினே கீறாரு" என்று திரைமேல் துண்டைப் போட்டு மூடிவிடுவாள். எங்கள் கைக்கு விடப்பட்டது ஒன்றே ஒன்று. எங்கள் சதுரத்துப் படத்தை மட்டும் நாங்கள் மாற்றிக்கொள்ளலாம்.

வாத்து, தவளை, கால்பந்து, சதுரங்கக் காய், பூ என்று மாற்றுவதற்குப் படங்கள் கிடந்தன. எனக்கு அவை எதுவும் வேண்டியிருக்கவில்லை. கீழ்வீட்டுக் கவிதா ஒருநாள் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னாடி, உங்க வூட்ல காருக்கு டிரைவர்லாம் வெச்சிகீறீங்களா?" என்று கேட்டாள். கேலி இல்லை, உண்மையாகவே கேட்டாள். அன்றைக்கு முடிவு செய்தேன், அந்தக் கார் போய் அங்கே அப்பாவின் முகம் வரவேண்டும்.

அப்பாவிடம் இருந்தது ஒரே ஒரு பாஸ்போர்ட் சைஸ் படம், வங்கிப் புத்தகத்துக்காகத் தேரடிப் பக்கத்து ஸ்டுடியோவில் எடுத்தது. ஸ்டுடியோக்காரர் ஆணியில் தொங்கிய கோட்டையும் டையையும் எடுத்து மாட்டி, தலையை எண்ணெய் வைத்து வாரி உட்காரவைத்திருந்தார். பிரவுசிங் சென்டரில் அதை ஸ்கேன் செய்து கொண்டுவந்து, காரை எடுத்துவிட்டு வைத்தேன். நாற்பத்தெட்டுக்கு நாற்பத்தெட்டு புள்ளி, தபால் தலையைவிடச் சிறியது, ஆனாலும் மேனேஜர் சாருக்குச் சரியாக அதே அளவு. அண்ணன் பிரபு, "நைனா துபாய் சேட்டு மாரி கீறாரு" என்று உருண்டு சிரித்தான். அம்மா மட்டும் முகம் சுளித்தாள். "ஒத்த ஆளு படத்த சட்டம் போட்டு வெச்சா மால போட்டுத்தான்டி வெப்பாங்க. உயிரோட கீற மனுசனுக்கு இன்னாத்துக்கு அது?"

மறுநாள் பள்ளியிலிருந்து வந்து பார்த்தால் கார். நான் அப்பாவை வைத்தேன். இரண்டு நாள் கழித்து மறுபடி கார். பிரபுவின் சட்டையைப் பிடித்தேன்.

"நீதான மாத்துன?"

"அம்மா மேல சத்தியமா நான் இல்ல. எனக்கு வேற வேல இல்லியா?"

"எம்மேல ஏண்டா சத்தியம் பண்ற, கசுமாலம்!" என்று அடுப்படியிலிருந்து கரண்டியோடு வந்தாள் அம்மா.

சண்டை போட்டுப் பயனில்லை என்று தெரிந்ததும், கணக்கு நோட்டில் ஓர் அட்டவணை போட்டேன். என்றைக்குப் படம் மாறியது, அன்றைக்கு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று இரண்டு கட்டங்கள். மூன்று வாரம் எழுதிய பிறகு, நம்பவே முடியாத ஒரு விடை வந்து நின்றது. கார் திரும்பி வந்த நாளெல்லாம் அப்பாவுக்கு நைட் ஷிப்ட் முடிந்த பகல். கம்ப்யூட்டரைத் தொட்டால் ஷாக் அடிக்கும் என்பதுபோல் எட்டி நின்றே பார்க்கிற அப்பா, நாங்கள் பள்ளியிலும் அம்மா தண்ணீர் லாரி வரிசையிலும் இருந்த நேரத்தில் அதன் முன்னால் உட்கார்ந்திருக்கிறார். துவைக்கப் போட்ட அவருடைய காக்கிச் சட்டைப் பையில், ஒரு பழைய கேட் பாஸின் பின்பக்கத்தில், அவர் கையெழுத்திலேயே சீட்டு இருந்தது. ஆபீஸில் டைப் அடிக்கும் அக்காவிடம் கேட்டு எழுதிக்கொண்டதாம்.

1. ஸ்டாட்
2. மேல கீற படம்
3. காரு
4. கீழ பொட்டி
5. பெருக்கல் குறி

இன்றுவரை யாருக்கும் நான் எழுதித் தந்த எந்தச் செயல்முறைக் குறிப்பும் இத்தனை கச்சிதமாக அமைந்ததில்லை. அப்போதோ எனக்கு அழுகைதான் வந்தது. சீட்டை அவர் முன்னால் நீட்டி ஏன் என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "தானம் குட்த்த மாட்ட பல்லப் புட்ச்சிப் பாக்கலாமா, பாப்பா? சார் என்னிக்கனா வந்தாருன்னு வெய்யி. குட்த்தவரு மூஞ்சிக்குக் கீழயே இவன் மூஞ்சிய வெச்சிகினு கீறானேன்னு நெனக்க மாட்டாரு?" என்றார். சீட்டை வாங்கி மடித்து, மறுபடி பையில் வைத்துக்கொண்டார்.

சார் வந்தேவிட்டார். அவருடைய மகளின் முதல் பிறந்தநாள் படங்கள் இந்தக் கம்ப்யூட்டரிலேயே தங்கிவிட்டன, எடுத்துக்கொண்டு போகிறேன் என்று சொல்லியனுப்பியிருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை அப்பா காலையிலேயே முழுக்கால் பேன்ட் போட்டுக்கொண்டு, கார் இருக்கிறதா என்று இரண்டுமுறை திரையைப் பார்த்துவிட்டு, கூல்டிரிங்ஸ் வாங்கக் கீழே இறங்கினார். அவர் படியிறங்கும் சத்தம் அடங்கியதும் நான் உட்கார்ந்து மாற்றினேன். சார் பார்க்கவேண்டும் என்றே மாற்றினேன். பார்த்தால் என்னவோ ஒன்று சரியாகிவிடும் என்று ஒரு நம்பிக்கை.

சார் பிஸ்கட் பாக்கெட்டை என் கையில் கொடுத்துவிட்டு, மூச்சிரைக்க நாற்காலியில் உட்கார்ந்தார். நீலத்திரை வந்தது. இரண்டு டை கட்டிய மனிதர்கள். சார் குனிந்து பார்த்தார்.

"யாருப்பா இது, உன் மச்சானா?"

அப்பா அவருக்குப் பின்னால், கையில் டம்ளரோடு நின்றிருந்தார். திரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தெர்ல சார்... பசங்க எவன் படத்தயோ போட்டு வெச்சிகீதுங்க."

பிரபு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அடுப்படித் திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து அம்மாவின் குரல் மட்டும் வந்தது.

"அது அவருதாங்க."

சார் திரும்பி அப்பாவைப் பார்த்தார், மறுபடி திரையைப் பார்த்தார். "அட, நீதானா! கோட்டெல்லாம் போட்டு ஜம்முன்னு இருக்கியா, அடையாளமே தெரியலப்பா" என்று சிரித்தார். அப்பாவும் சிரித்தார். நான் கேட்டுவிட்டேன்: "சார், டிரைவர்ங்கிற பேர மாத்தித் தர்றீங்களா?" அவர் நிஜமாகவே புரியாமல், "ஏம்மா? கரெக்டாத்தானே வச்சிருக்கேன்" என்றார். பிறகு இடது கையால் கீபோர்டை மறைத்துக்கொண்டு கடவுச்சொல்லை அடித்தார்.

அவர் போன பிறகு சாயங்காலம் அப்பா சட்டைப்பையிலிருந்து சீட்டை எடுத்து, திரைக்கு எதிரே வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். ஸ்டார்ட். மேலேயிருக்கும் படம். படங்களின் வரிசை விரிந்தபோது அவர் விரல் மவுஸின்மேல் அப்படியே நின்றது; கண்ணைச் சுருக்கி மேலும் கீழும் தேடினார். பிறகு திரும்பாமலே கேட்டார்.

"பாப்பா, காரு எங்க கீது?"

நான் போய் விரலால் தொட்டுக் காட்டினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு ஆறுவதில்லை. தெரியாது என்று சொல்லியிருக்கலாம்.

மூன்று வருடம் கழித்து, பாலிடெக்னிக்கில் சேர்ந்த புதிதில், அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்கள் பலவற்றில் ஒரு மறைவான நிர்வாகி அக்கவுண்ட் உண்டென்றும், தொடங்கும்போது எஃப்-எட்டு விசையை அழுத்திப் போனால் அது பெரும்பாலும் கடவுச்சொல்லே கேட்காது என்றும் தெரிந்துகொண்டேன். வீட்டுக்கு ஓடிவந்து அழுத்தினேன். திறந்தது. அத்தனை வருடமும் திறந்தே கிடந்திருக்கிறது. மேனேஜர் சாருக்குத் தவளை முகம், அவருடைய கடவுச்சொல்லை அழிப்பது, அப்பாவின் கோட்டுப் படம் என்று மனத்துக்குள் ஒரு பட்டியலே ஓடியது. கடைசியில் ஒன்றை மட்டும் செய்தேன். "டிரைவர்" என்பதை அழித்து "ஏழுமலை" என்று அடித்தேன். காரைத் தொடவில்லை. அப்பா ஷிப்ட் முடிந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் வெகுநேரம் அதன்முன் நின்றார். எழுத்தெழுத்தாகப் படித்திருக்க வேண்டும்.

"இனிஷியல் உட்டுட்ட பார்" என்றார்.

அந்தக் கம்ப்யூட்டர் பின்னர் காயலான் கடைக்குப் போயிற்று, இனிஷியல் சேர்க்கப்பட்ட பெயரோடு. நீலத்திரையும் அதன் வாத்தும் தவளையும் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. யார்டில் கேட் பாஸ்கூட இப்போது செல்போனில்தான் வருகிறதாம். நான் ஓர் அலுவலகத்தில், யாருக்கு எந்த அனுமதி என்று முடிவு செய்யும் நாற்காலியில் இருக்கிறேன். புதிதாக வருகிறவர்களிடம் பெயரை எப்படிப் போடவேண்டும் என்று கேட்டுவிட்டுத்தான் அடிக்கிறேன். அப்பா ஓய்வுபெற்றுவிட்டார். போன மாதம் அவருக்கு ஸ்மார்ட்போன் வாங்கிக் கொடுத்து, வாட்ஸ்அப்பில் அவருடைய முகத்தை, கோட்டு இல்லாமல், வெள்ளைச் சட்டையில் சிரிப்பதை, நானே எடுத்து வைத்தேன். மறுநாள் காலை பார்த்தால் அந்த வட்டத்துக்குள் ஒரு கார். கூப்பிட்டுக் கத்தினேன், அவர் சிரித்தார். எனக்கு இன்னும் எரிச்சல்தான். இந்தமுறை அவர் யாரிடமும் கேட்டுச் சீட்டு எழுதவில்லை. படத்தின் கீழே பெயரையும் அவரே அடித்திருக்கிறார், இனிஷியலோடு.