கஜா எழுதிய ஒரு வரி

கஜேந்திரன் போய்விட்டான். காலையில், சென்னையில். கோட்டைக்குப்பத்தில் இப்போதுதான் மைக்கில் சொன்னார்கள்.

எனக்கு எழுத்து தெரியாது. நான் பேசப் பேச இந்த போன் எழுதிக்கொள்கிறது. சொன்னதை மட்டும்தான் எழுதும்... கஜா மாதிரியே.

போஸ்டரில் "பணியாளர் துறை முன்னாள் செயலாளர்" என்று போட்டிருக்கிறதாம். சர்க்காரில் யார் நிரந்தரம், யாருக்குப் பிரமோஷன், யாரை வீட்டுக்கு அனுப்புவது... எல்லாம் அவன் கையெழுத்து. கிளார்க்காகப் போய் அந்த நாற்காலி வரை ஏறினான். ஒரு டீகூட ஓசியில் குடித்தவன் இல்லை. அது உண்மை.

ஒன்றாக வளர்ந்தோம். அவன் பள்ளிக்கூடம் போனான், நான் நண்டு பிடிக்கப் போனேன். சாயங்காலம் டச்சுக்காரன் கல்லறையில் உட்கார்ந்து, கல்லில் இருப்பதை எழுத்துக் கூட்டிப் படிப்பான்.

"இவன்லாம் கம்பெனி ஆபீசருடா. பேரு, பதவி, வயசு... எல்லாத்தையும் வெட்டி வெச்சிக்கினு போயிருக்கான் பாரு."

"நம்ப பேரு எங்கடா இருக்கும்?"

"உன்ன நான் எழுதறேன்டா."

எழுதினான்.

எங்கள் ஏரியில் பாடு என்று ஒன்று உண்டு. யார் எந்த நாளில், எந்த இடத்தில் வலை போடுவது என்று ஊர் கூடிச் சீட்டு எடுப்போம். பாடு இல்லாதவனை இங்கே ஆளாக மதிக்க மாட்டார்கள். சர்க்கார் வேலைக்குப் போனவன் பேரைச் சீட்டிலிருந்து எடுத்துவிடுவது வழக்கம். கஜா பேரை மட்டும் எடுக்கவில்லை. "நம்ப ஆபீசரு பேரு இருக்கட்டும்"னு ஊருக்கு ஒரு பெருமை.

நான் ஏரிக்கரையில் ஒரு சர்க்கார் ஆபீஸில் தினக்கூலி வாட்ச்மேனாக இருந்தேன். இருபது வருஷம் தாண்டியும் தினக்கூலிதான். ஒருநாள், நிரந்தரம் செய்ய லிஸ்ட் எடுக்கிறார்கள் என்று ஜீப் வந்தது. இறங்கியது கஜா.

எல்லோர் முன்னாலும் "வணக்கம் சார்" என்றேன். தோளில் கை போட்டான்.

"இன்னாடா, பாடு இருக்கா இன்னும்?"

அத்தனை பேர் முன்னால் இல்லை என்று சொல்வேனா...

"இல்லாம பின்ன? நம்ப பாடு எங்க போவும் சார்!"

சிரித்தான். பேனாவை எடுத்தான்.

லிஸ்ட் வந்தது. கூட இருந்தவர்கள் எல்லோரும் நிரந்தரம். என் பேருக்கு நேரே மட்டும் "சொந்தத் தொழில் உள்ளவர்" என்று ஒரு வரி. எனக்கு இல்லை.

மாதத்தில் இரண்டு மூன்று நாள் வரும் பாடு... அது தொழிலா, பேருக்கா என்று அவனுக்குத் தெரியாதா? வேறு ஊர்க்காரன் எழுதியிருந்தால் விட்டிருப்பேன்.

பஸ் ஏறிச் சென்னைக்கு, அவன் ரூமுக்கே போனேன்.

"நீ சொன்னததான எழுதினேன். நான் பொய் எழுத முடியுமாடா?"

"உன் பேருக்கும்தான் சீட்டு விழுது. அன்னிக்கு உங்க அண்ணன் வலை போடறான். அத உன் ஃபைல்ல எழுதிக்கினியா?"

மேஜை மேல் இருந்த மணியை அடித்தான். ப்யூன் வந்து என்னை வெளியே கூட்டிப்போனான்.

அதற்குப் பிறகு அவன் கார் ஊருக்குள் வந்தால் நான் ஏரிக்குள் போய்விடுவேன். அவன் ரிட்டயர் ஆனான், மாலை, மேடை, பென்ஷன். எனக்கு இந்த வயதிலும் இடுப்பளவு தண்ணீரில் இறங்கினால்தான் சோறு.

இப்போது பெரிய மனுஷன் சாவு. மைக்கில் கடைசியாக இன்னொன்றும் சொன்னார்கள். மரியாதைக்கு இன்று ஒருவரும் ஏரியில் வலை போடக்கூடாது.

கஜா... இன்று யார் பாடு தெரியுமாடா?

என்னுது.

வலையைச் சுருட்டி வைத்துவிட்டேன். போய் வா.