அவர் பூ வைக்காத மேசை

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். தெய்வேந்திரம் அண்ணன் உயிரோடு இருந்தவரை அது எனக்கு வசதியாக இருந்தது. அவர் போன பிறகும் பேசாமல் இருந்தால் அதற்கு நான் வேறு பெயர் வைக்க வேண்டிவரும்.

செய்தி வந்தபோது செங்கலடிச் சந்தையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். முன்பு எங்களோடு கந்தோரில் வேலை செய்த ஒருவர் தொலைபேசியில் சொன்னார். "தெய்வேந்திரம் அண்ணன் போயிட்டார். நெஞ்சு வருத்தம். நாளைக்குப் பின்னேரம் எடுக்கிறாங்க. வருவீங்கதானே?" வருவேன் என்றேன். மீன்காரர் எதை வெட்டுவது என்று கேட்டார். நான் எதையோ கை காட்டியிருக்கிறேன். வீட்டில் பையைத் திறந்தபோது எங்கள் வீட்டில் ஒருவரும் தின்னாத திருக்கை இருந்தது.

முப்பத்தோராம் நாளுக்கு நினைவு மலர் ஒன்று போடுகிறார்கள். அவருடைய ஒரே மகள் வதனி, அவரோடு வேலை செய்த எல்லோரிடமும் ஆளுக்கு ஒரு பக்கம் கேட்டிருக்கிறாள். நீங்கள் எழுதப்போவது எனக்குத் தெரியும். நேர்மையானவர், அமைதியானவர், பூக்களை நேசித்தவர். எல்லாம் உண்மைதான். அந்த நீண்ட அறையில் அவரை நாங்கள் நடத்திய விதத்தை ஒருவரும் எழுதமாட்டீர்கள். ஆகவே நான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். அவர் எங்கள் அரசாங்கக் கந்தோரில் கோப்புப் பிரிவு எழுதுவினைஞர். வீடு கல்லடியில், கடற்கரையிலிருந்து மூன்றாவது ஒழுங்கை. மாரி முடிந்து மாசி பிறந்தால் வீட்டைச் சுற்றியிருந்த அவருடைய வளவு பூத்துவிடும். வைகாசி வரைக்கும் திங்கட்கிழமைகளில் சைக்கிளில் ஒரு வாளியைக் கட்டிக்கொண்டு பாலத்தைக் கடந்து வருவார். வாளிக்குள் சீனியா, நந்தியாவட்டை, இக்சோரா, ஒன்றிரண்டு ரோசா. எட்டு மணிக்கு முன் வந்து மூன்று ஹோர்லிக்ஸ் போத்தல்களில் அடுக்குவார். ஒன்று பொதுமக்கள் வந்து நிற்கும் இடத்துக்கு, ஒன்று அருள்ராசாவின் மேசைக்கு, ஒன்று என் மேசைக்கு. நாங்கள் மூவரும் ஒரே வரிசையில் இருந்தோம்.

அவர் அடுக்குவதைப் பார்க்க எனக்குப் பிடிக்கும். முதல்நாள் பின்னேரமே காம்போடு வெட்டி, கழுத்தளவு தண்ணீரில் விட்டு வைத்திருப்பார். காலையில் காம்பின் நுனியைச் சரித்து இன்னொரு தரம் வெட்டுவார். தண்ணீருக்குள் அமிழும் இலைகளை உருவிவிடுவார். உயரமானதை முதலில் வைத்து, சுற்றிவர மற்றவற்றைச் செருகி, போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். செவ்வரத்தையை ஒருபோதும் வெட்டமாட்டார். "அது பின்னேரம் சுருங்கிரும். அதைக் கோயிலுக்கு விட்டிரணும். இஞ்ச வாற சனம் ரெண்டு மூணு நாள் அலையுது. பூவும் ரெண்டு மூணு நாள் நிக்கணும்." எங்கள் கந்தோருக்கு வருகிறவர்கள் எதையாவது இழந்துவிட்டு வருகிறவர்கள். அடையாள அட்டை, காணி உறுதி, ஆள். ஏறாவூரிலிருந்து தொடர்ந்து வந்த ஒரு பெண், புருசனின் மரணப் பதிவுக்காக, அந்தப் போத்தலுக்குப் பக்கத்தில்தான் எப்போதும் நிற்பாள். ஒருநாள் அவரைப் பார்த்துக் கேட்டாள்: "ஆம்புளையாள் பூ அடுக்குறீங்களே, ஊட்டுல பொம்புளை இல்லையா?" அறை முழுக்கச் சிரித்தது. அவரும் சிரித்தார். "இரிக்கா புள்ள. அவ வளர்க்கிறவ. நான் வெட்டுறவன்."

வளர்த்தவ பத்மா அக்கா. சுனாமியில் போனா.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாலம் கடந்து ரவுணுக்கு வந்திருந்தார். வதனி பெரியம்மா வீட்டில். பத்மா அக்கா வளவுக்குள் பூமரங்களுக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றதாகக் கடைசியாகக் கண்ட பக்கத்து வீட்டுக்காரர் சொன்னார். மூன்றாம் நாள் ஆற்றங்கரைப் பக்கம் கண்டெடுத்தார்கள். நானும் போனேன். அவசரமாக அடக்கம் செய்த காலம். ஒரு பிடி பூ கிடைக்கவில்லை.

ஒரு மாதம் கழித்து அவர் வேலைக்கு வந்தார். வளவு கருகிப்போய் இருந்தது. மண் முழுக்க உப்பு. அந்த மாசியில் போத்தல்கள் வெறுமையாக நின்றன. எடுத்து வைக்க எவருக்கும் மனம் வரவில்லை. அடுத்த வருடம் ஒரு திங்கட்கிழமை வாளியோடு வந்தார். உள்ளே சுடுகாட்டு ஓரங்களில் வளரும் நித்தியகல்யாணி மட்டும். உப்புக்குள் அதுதான் தாங்கியது. அருள்ராசா சும்மா இருக்கவில்லை.

"அண்ணே, சவக்காலைப் பூவைக் கொண்டந்து கந்தோருக்குள்ள வைக்கிறீங்களே."

"இப்ப ஊரே சவக்காலைதான் தம்பி. வேற எங்க வைக்கச் சொல்லுறீங்க?"

அருள்ராசா தன் கோப்புக்குத் திரும்பினார். ஆனால் அந்தப் பூக்கள் பத்து மணிக்கே தலை தொங்கின. கல்லடிக் கிணற்றுத் தண்ணீர் கரிப்பாகிவிட்டது. என் வீட்டுக் கிணறு நல்ல கிணறு. அடுத்த திங்களிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கான் நிறையத் தண்ணீர் கொண்டுபோனேன். மூன்று வருடம் கொண்டுபோனேன். "பூ என்ட, தண்ணி உங்கட," என்பார். எனக்கு நண்பர்கள் குறைவு. பட்டம் பெற்று வந்தும் என்னைவிடக் குறையப் படித்தவர்களுக்குக் கீழே கோப்புத் தூக்கினேன் என்ற கோபம் அப்போதே என்னிடம் இருந்தது. அந்தத் திங்கட்கிழமைக் காலைகளில் மட்டும் அது கொஞ்சம் அடங்கியிருந்தது.

வளவு மெல்ல மெல்லத் திரும்பியது. ஒவ்வொரு மாரியும் உப்பைக் கழுவியது. அவர் பத்மா அக்கா பாத்தி போட்ட அதே இடத்தில் சீனியா விதைத்தார். போர் முடிந்த வருடம் வைகாசியில் அது முன்னொருபோதும் பூக்காத மாதிரிப் பூத்தது. சிவப்பு, செம்மஞ்சள், ஊதா. வேலிக்கு வெளியே நின்று ஆட்கள் பார்த்தார்கள்.

இனித்தான் நான் சொல்லவேண்டியது.

போர் முடிந்ததாக அறிவித்த கிழமை, பணிப்பாளர் என்னைக் கூப்பிட்டார். நான் ஊழியர் நலன்புரிச் சங்கத்தின் செயலாளர். "திங்கட்கிழமை வெற்றி விழா, கொடியேத்தணும். ஆமி முகாமில இருந்து பெரியாக்கள் வாறாங்க. மேடை அலங்காரம் உங்கட பொறுப்பு," என்றார். மறுக்கிற காலமில்லை. வெளியே எங்கள் அறையில் பாதிப்பேர், வன்னியிலிருந்த சொந்தக்காரருக்கு என்ன நடந்ததென்று தெரியாமல் கோப்புக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருந்தார்கள். அவர்கள் பார்க்க நான் அந்த மேடையில் கை வைப்பதா? என் மனதில் அது மட்டும்தான் ஓடியது. நான் சொன்னேன்:

"சேர், அதுக்குத் தெய்வேந்திரம் அண்ணன்தான் சரியான ஆள். வளவு முழுக்கப் பூ இரிக்கு. சொன்னா விருப்பமாச் செய்வார்."

விருப்பமாச் செய்வார். அந்த ஒரு சொல்லைச் சொல்லவேண்டிய அவசியம் எனக்கு இருக்கவில்லை. பணிப்பாளர் சந்தோசமாகத் தலையாட்டினார். பிறகு அவருக்குப் பதவி உயர்வு வந்தது. எனக்கு ஒன்றும் வரவில்லை. அதற்காகவும் அவர்மேல் எனக்கு ஆத்திரம் உண்டு என்பதை மறைக்கமாட்டேன்.

தெய்வேந்திரம் அண்ணன் செய்தார். வயது வந்த மகளைத் தனியாக வைத்திருந்த மனிதர் வேறென்ன செய்வார். நான்கு பித்தளைக் குடங்களில் சீனியாவும் கொன்றையும். கொன்றைச் சரங்கள் குடத்தின் கழுத்தைத் தாண்டித் தொங்கின. எங்கள் கந்தோர் மண்டபத்தில் அவ்வளவு அழகான ஒன்றை நான் அதற்கு முன்னும் கண்டதில்லை, பின்னும் கண்டதில்லை. அதைத்தான் எவராலும் மன்னிக்க முடியவில்லை. ஏனோதானோ என்று நான்கு கொப்பை நட்டிருந்தால் ஊர் விளங்கிக்கொண்டிருக்கும்.

சாப்பாட்டு நேரத்தில் அருள்ராசா எல்லோர் முன்னாலும் கேட்டார். "பத்மா அக்காட பாத்தியில வெட்டினதுதானே அண்ணே? எப்பிடிக் கை வந்தது உங்களுக்கு? வெட்டினதுதான் வெட்டினீங்க, இவ்வளவு வடிவா அடுக்கணுமா?"

அவர் சோற்றுப் பார்சலை மடித்தார். "பூ என்ன பிழை செஞ்சது தம்பி?"

"துரோகம் எண்டா இதுதான்," என்றார் அருள்ராசா. தன் மேசையிலிருந்த போத்தலை எடுத்து, பூவைத் தண்ணீரோடு குப்பைவாளிக்குள் கவிழ்த்தார். எல்லோரும் தொடர்ந்து சாப்பிட்டார்கள். நான் இரண்டு கதிரை தள்ளி இருந்தேன். தெய்வேந்திரம் அண்ணன் என் பக்கம் திரும்பிப் பார்த்தார். நீண்ட நேரம் அல்ல. நான் பருப்பைப் பிசைந்துகொண்டிருந்தேன்.

அடுத்த திங்கள் வழமைபோலத் தண்ணீர்க் கானோடு போனேன். "வேணா தம்பி, வீட்டயிருந்து கொண்டந்திட்டன்," என்றார். ஒரு போத்தலைப் பொதுமக்கள் நிற்கும் இடத்தில் வைத்தார். இன்னொன்றைக் கொண்டுபோய், குப்பையில் கொட்டிய அதே அருள்ராசாவின் மேசையில் வைத்தார். மூன்றாவதை வெறுமையாக அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார்.

"எனக்கில்லையா அண்ணே?" சிரித்துக்கொண்டுதான் கேட்டேன்.

"உங்கட மேசையில வெயில் விழுது தம்பி. நிக்காது."

என் மேசைக்குப் பின்னால் சுவர். இருபது வருடமும் மின்குமிழ் வெளிச்சத்தில் வேலை செய்தவன் நான். அந்த நேரமே எனக்கு விளங்கியது. பணிப்பாளர் சொல்லியிருக்கிறார், "உங்கட தம்பிதான் சொன்னவர், நீங்க விருப்பமாச் செய்வீங்களெண்டு." என் சொல் அவரிடம் போய்ச் சேர்ந்துவிட்டது.

நான் அப்போதே மன்னிப்புக் கேட்டிருக்கலாம். மாறாகக் கோபப்பட்டேன். வசை பேசியவனுக்குப் பூ, மூன்று வருடம் தண்ணீர் சுமந்தவனுக்கு ஒன்றுமில்லை என்று மனதுக்குள் கணக்குத் தீர்த்தேன். அவர் ஓய்வு பெறும்வரை நாங்கள் கோப்பு விசயம் தவிர வேறெதுவும் கதைக்கவில்லை. பிரியாவிடைக்கு நான் லீவு போட்டேன். பாலத்தில் எதிரே கண்டால் தலையசைப்பார். நான் ஆற்றைப் பார்ப்பேன்.

செத்த வீட்டில் அருள்ராசாதான் அஞ்சலி உரை. வெள்ளைச் சேட்டுப் போட்டு, "மலர்களைப் போலவே மென்மையான மனிதர்" என்று தழதழத்தார். நான் எழுந்து வளவுக்குள் போனேன். வதனி பின்னால் வந்தாள். அவள் இப்போது ரீச்சர், இரண்டு பிள்ளைகளின் தாய். கொடியேற்றிய அந்த வருடம் அவள் வந்தாறுமூலைக் கம்பஸில் படித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, ஒண்டு கேக்கட்டா? நீங்க அவரோட ஒண்டா இருந்தீங்கதானே. அப்பா ஏன் அந்தப் பூவைக் குடுத்தவர்?"

நான் பாத்தியைப் பார்த்தேன். அவள் சொன்னாள்: "கம்பஸில பொடியங்கள் என்ட முகத்துக்கு நேரே கேட்டாங்க. வீட்ட வந்து அம்மாட பாத்தியை முழுசாப் பிடுங்கி எறிஞ்சன். அப்பா படியில இருந்து பாத்தார். ஒரு சொல்லுச் சொல்லல்ல. ரெண்டு வருசம் நான் அவரோட கதைக்கல்ல மாமா. மறுகா, அடுத்த மாரிக்கு அவர் திரும்பவும் விதைச்சார். கலியாணம் பேசக்குள்ளதான் கதைச்சன். ஆனா ஏன் குடுத்தவரெண்டு கேக்கல்ல. கேட்டிரிக்கணும்."

"எனக்குத் தெரியாது மகள்," என்றேன்.

அது அவருடைய சடலம் வீட்டுக்குள் இருக்கும்போது சொன்ன பொய். அதைச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து, இந்தத் தாளை எடுக்க எனக்குப் பதினெட்டு நாள் பிடித்தது.

வதனி, உன் கேள்விக்கு மறுமொழி இதுதான். உன் அப்பா அந்தப் பூக்களை விரும்பிக் கொடுக்கவில்லை. விரும்பிக் கொடுப்பார் என்று சொன்னவன் நான். உனக்கு ஒன்றும் ஆகிவிடக்கூடாது என்று அவர் வெட்டினார். வெட்டிய பிறகு அதை அரைகுறையாக அடுக்க அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான் நடந்தது.

அவரிடமிருந்து என்னிடம் என்ன இருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். ஒரு விதை இல்லை, ஒரு படம் இல்லை. சொந்த மகள் முகம் கொடுக்காத அந்த இரண்டு வருடத்தில் என் பெயரை ஒரு தரம் சொல்லியிருந்தால் அவருக்குப் போதுமாயிருந்திருக்கும். அவர் என்னை மன்னிக்கவில்லை. ஆனாலும் சொல்லவில்லை. அந்த இரண்டு வருடம் என்னிடம் இருக்கிறது. திருப்பிக் கொடுக்க ஆள் இல்லை.

கீழே பெயர் எழுதிப் பார்த்தேன். இரண்டு தரம் எழுதி, இரண்டு தரமும் கடைசித் தாளை மாற்றினேன். பெயர் இருந்தால் வதனி தொலைபேசி எடுப்பாள். "பரவாயில்ல மாமா" என்பாள், அல்லது அப்படிச் சொல்லமாட்டாள். இரண்டில் எதையும் கேட்கும் தெம்பு எனக்கு இல்லை. அந்த அறையில் இருந்தவர்களுக்கு நான் யாரென்று இந்நேரம் தெரிந்திருக்கும், வதனிக்கும் தெரியும். தெரிந்தும் என் கை அந்தப் பெயரை எழுத மறுக்கிறது. இதற்கு நல்ல காரணம் ஒன்றும் நான் வைத்திருக்கவில்லை. மலரில் போடுவதும் கிழித்து எறிவதும் அவள் விருப்பம். நாளைக் காலை தபாற்கந்தோர் திறந்ததும் இதைப் பெயர் போடாமல் சேர்த்துவிடுவேன்.