களத்தில் வரைந்த கடல் முதலை

நாகலூர் எஸ்டேட்டில் எனக்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தவருக்கு, எப்போதோ அழிந்துபோன கடல் முதலைகளை ஆராய்வதுதான் வாழ்நாள் வேலை. ஒடிசலான உடம்பு, வெயிலிலும் கழற்றாத ஸ்வெட்டர். அவரைத் தேடி யாரும் வந்து நான் பார்த்ததில்லை. களத்தில் காயும் காப்பிப் பழங்களின் மேல் தினமும் குச்சியால் முதலைகளின் வம்சக் கிளைகளை வரைவார். ஒவ்வொரு கிளைக்கும் ஒரு கோடு; கடல் முதலையின் கோட்டை மட்டும் எதிலும் சேர்க்காமல் ஓரத்தில் விடுவார்.

களத்தில் காயும் காப்பிப் பழங்களைக் கிளறிவிடும் அம்மா ஒருநாள் கேட்டார்: "ஏனுங்க சார், இப்ப இருக்கிற முதலைக்கு இது பாட்டனுங்களா?"

"இல்லைங்க, பங்காளி. முதுகுக் கவசத்தை உதறிட்டு, காலைத் துடுப்பாக்கிக்கிட்டு, மீன் மாதிரி வாலோட கடலுக்குப் போயிருச்சு. வாரிசு இல்லை. எந்தக் கிளையில சேர்க்கறதுன்னு எங்க ஆளுங்களுக்குள்ள இன்னும் சண்டை."

"எங்கியாவது ஒரு பக்கமாச் சேத்து உட்டுருங்க சார். பாவம், நொம்பத் தனியா நிக்குது."

அவர் சிரித்தார். கோட்டைச் சேர்க்கவில்லை.

காப்பியைக் கிளறாமல் விட்டால், எஸ்டேட் கணக்கு எழுதும் ரைட்டர் திட்டுவார். இருந்தும் அந்தம்மா மற்ற இடமெல்லாம் கிளறிவிட்டு, அந்தக் கோட்டை மட்டும் கலைக்காமல் போனார். மூடுபனி இறங்கிக் கோடு மறைந்த பிறகும் மனிதர் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.