நாற்பத்து மூன்று கையெழுத்துகள்

நாற்பத்து மூன்று பெண்கள். வருகைத்தாளில் ஒவ்வொருவருக்கும் முழுப்பெயர், தொலைபேசி எண், ஊர், கையெழுத்து. நான்கு பக்கங்கள். அந்தத் தாள்களை வடிவமைத்தவர் குமுதினி ஜீவரத்தினம். வயது நாற்பத்தெட்டு, வீடு லண்டனின் கோலியர்ஸ் வுட்டில். வொக்ஸோலில் உள்ள ஓர் உதவி நிறுவனத்தில் பதினெட்டு ஆண்டுகளாகத் திட்டக் கண்காணிப்பு அதிகாரி.

அரபு நாடொன்றின் தெற்கில், கல்யாண மண்டபமொன்றின் மாடியில், மூன்று நாள் பயிற்சி நடந்திருந்தது. நகரசபைக் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்பது, வரவு செலவுத் திட்டத்தை வாசிப்பது, உள்ளூர்த் தேர்தலில் நிற்பது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்கள். பிரித்தானிய அரசின் உதவி. அந்த நாட்டின் பெயர் இங்கே இல்லை. குமுதினி கேட்டுக்கொண்டது அது ஒன்றைத்தான்.

இந்தத் தொழிலில் கையெழுத்துத்தான் சாட்சி. ஆள் வந்தார் என்பதற்கு வேறு அத்தாட்சி கிடையாது. அங்கே பயிற்சியை நடத்திய ஹனான், பெயருக்குப் பதில் எண்கள் போடலாமா என்று தொடக்கத்திலேயே கேட்டிருந்தார். குமுதினி ஒப்புக்கொள்ளவில்லை. கையெழுத்துப் போட்டால்தான் சாப்பாட்டுச் சீட்டு என்ற விதியும் அவருடையதுதான். நாற்பத்து மூன்று பேரும் கையெழுத்துப் போட்டார்கள், கோழிச் சோறு சாப்பிட்டார்கள்.

செவ்வாய்க்கிழமை பகல் ஒன்றேகாலுக்கு ஹனானிடமிருந்து குரல் பதிவு வந்தது. மூச்சு வாங்கியபடி ஆங்கிலத்தில் பேசினார். "வெளிநாட்டு உதவி பெறும் அமைப்புகளுக்குப் புதுச் சட்டம் வந்துவிட்டது. காலையில் பொலிஸார் எங்கள் கணக்காளரைக் கூட்டிப்போனார்கள். பயிற்சிக்கு யார் யார் வந்தார்கள் என்பதுதான் கேள்வியாம். எங்களிடமிருந்த தாள்களை எரித்துவிட்டோம். உங்களிடம் இருப்பது?"

குமுதினியிடம் இருந்தது முந்தின நாளே அறிக்கையோடு திட்டத்தின் இணையதளத்தில் ஏற்றப்பட்டிருந்தது. எதையும் ஒருநாள் முன்னதாக முடிப்பது அவர் பழக்கம். கெடு அன்று மாலை நான்கு மணி; அப்போது அறிக்கை தானாகத் திறக்கும். திட்டத்தின் பங்காளிகள் எல்லோரும் வாசிக்கலாம். அந்த நாட்டின் அமைச்சும் ஒரு பங்காளி.

"பிரீத்தா, ஒருக்கா இஞ்ச வாங்கோ. உடனே."

இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளும் பிரீத்தா சென்னைக்காரி. திரையைப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார். "லாக் ஆயிடுச்சுக்கா. ஒரு தாளை மட்டும் உருவ முடியாது. நாங்கல்லாம் மூணு அம்பத்தொன்பதுக்கு ஏத்துவோம். நேரத்துக்கு முன்னாடி வேலையை முடிச்சா இதுதான்."

"பகிடிக்கு இப்ப நேரமில்லை, பிள்ளை. வேற வழி இருக்கோ?"

"கிரகாம் சொன்னா திறக்கலாம்."

மேலாளர் கிரகாம் லீட்ஸில் ஒரு கூட்டத்தில் இருந்தார். நான்காவது தடவைதான் எடுத்தார். மணி மூன்று ஐந்து. குமுதினி சொன்னதை முழுதும் கேட்டார். பிறகு, "வருகைத்தாள் இல்லாமல் பயிற்சி நடந்ததற்கு ஆதாரம் என்ன? இரண்டாம் கட்டப் பணமே இந்த அறிக்கையில்தான் தொங்குகிறது. அமைச்சு நம் பங்காளி, குமுதினி. அவர்களிடம் எதை மறைப்பது?" என்றார். நாளைக் காலை பேசலாம் என்று வைத்துவிட்டார்.

நாளைக் காலை என்பது அந்தப் பெண்களுக்கு மிகத் தாமதம். இது குமுதினிக்கு யாரும் சொல்லித் தெரியவேண்டியதில்லை. யாழ்ப்பாணத்தில், 1996இல், முதலுதவி வகுப்புக்குப் போன இருபத்தாறு பேரின் பட்டியல் ஒன்று இராணுவத்தின் கையில் கிடைத்தது. அதில் பதினொன்றாவது பெயர் அவருடையது. லண்டன் வந்து அகதி விண்ணப்பத்தில் முதலில் எழுதியது அந்தப் பட்டியலைப் பற்றித்தான். அதே கையால்தான் இந்தத் தாளுக்கும் கோடு போட்டிருக்கிறார்.

மூன்று முப்பத்தெட்டு. பிரீத்தா திரையின் அடிப்பகுதியில் விரலை வைத்தார். "இது ஒண்ணு இருக்கு. ஏத்தினவங்களே 'அறிக்கையில் பெரும் பிழை'ன்னு அறிவிச்சா மொத்த அறிக்கையும் தளத்துலேர்ந்து நீங்கிடும். ஆனா உங்க பேர்ல பதிவாகும். கெடு தவறும். விசாரணை வரும். இதுவரைக்கும் யாரும் தொட்டதே இல்லக்கா."

"காரணம் எழுதவேணுமோ?"

"ஆமா. ஃபைல் திறக்கலைன்னு போடுங்க. யாரும் கேக்க மாட்டாங்க."

"அது பொய். அப்பிடிச் சொன்னால், திறக்கிற ஃபைலா நாளைக்கே திருப்பிப் போடு எண்டுவினம்."

குமுதினி தட்டெழுதினார்: பங்கேற்றவர்களின் பெயர்களைக் கேட்டு வாங்கியது என் தவறு. இந்த இணைப்பு எவருக்கும் போகக்கூடாது. அழுத்தினார். மணி மூன்று ஐம்பத்திரண்டு. அறிக்கை இருந்த இடத்தில் வெள்ளைப் பக்கம் வந்தது.

பிரீத்தா பெருமூச்சு விடப்போய் நிறுத்திக்கொண்டார். "அக்கா, இதை ஏற்கெனவே ரெண்டு பேர் பார்த்திருக்கறதா காட்டுது."

"ஒண்டு நான். மற்றது ஆர்?"

பெயர் இல்லை, ஒன்பது இலக்கக் கணக்கு எண் மட்டும். நான்கு மணிக்கு முன் வெளியார் எவரும் பார்க்க முடியாது என்பது விதி. ஆனால் விதி வேலை செய்கிறதா என்று இதுவரை எவரும் சோதித்ததில்லை. பிரீத்தா பயனர் பட்டியலை இறக்கி, எண்களை ஒவ்வொன்றாக ஒப்பிட்டார். குமுதினி நாற்காலியின் முதுகைப் பிடித்தபடி நின்றார். ஹனானிடமிருந்து இரண்டு தடவை அழைப்பு வந்தது. அந்த எண் யாருடையது என்று தெரியும்வரை எடுக்கவில்லை.

நான்கு ஒன்பதுக்குப் பிரீத்தா சிரித்துவிட்டார். "கிரகாம்! நேத்து சாயந்திரம். பத்து வருஷமா ஒரு ரிப்போர்ட்டும் படிக்காத மனுஷன், இதைப் போய்த் திறந்திருக்காரு பாருங்க."

குமுதினி சிரிக்கவில்லை. உட்கார்ந்தார். ஹனானை அழைத்து, "வெளியார் எவரும் பார்க்கவில்லை. எடுத்துவிட்டேன்" என்றார். மறுமுனையில் ஹனான் அழுதாரா, வேறு யாருடனோ பேசினாரா என்று விளங்கவில்லை. கணக்காளர் இன்னும் திரும்பவில்லை என்பது மட்டும் கேட்டது.

கிரகாமின் மின்னஞ்சல் நாலரைக்கு வந்தது. மூன்றே வரி.

வீட்டுக்குப் போகும் வழியில் ஸ்ரொக்வெல்லில் ரயில் மாறும்போது கணவர் ஜீவரத்தினத்துக்கு அழைத்துச் சொன்னார்.

"வேலை போகுமோ?"

"தெரியாது."

"நீர் ஏன் அந்தப் பெயருகளை முதலே கேட்டனீர்?"

"அதைத்தான் அவையளும் கேக்கப் போகினம்."

விசாரணை வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு. நாற்பத்து மூன்று பெயர்களையும் கொண்டுவரும்படி கிரகாமின் மின்னஞ்சலில் இருந்தது. குமுதினி அவற்றைக் கொண்டுபோகவில்லை.